தெரியாது என்ற நாற்பத்தொரு பேர்

"எழுபத்தொண்ணு மாமா. நூத்துக்கு எழுபத்தொண்ணு."

"எங்க எடுத்தீங்க கணக்கை?"

"பஸ்லதான்."

"எந்த பஸ்ல?"

"பன்னெண்டாம் நம்பர்ல."

"அதை ஓட்டுறது யாரு?"

"நான்தான்."

"அடுப்புப் பக்கத்துல தெர்மாமீட்டரை வச்சுப் பார்த்துட்டு, ஊருக்கே காய்ச்சல்னு சொல்றியேம்மா."

மூன்று வாரங்களுக்கு முன் சாப்பாட்டு மேசையில் கணவரின் சித்தப்பாவோடு நடந்த பேச்சு இது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், டிப்போவின் ஓய்வறையில் செய்தித்தாளை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு அது வார்த்தை பிசகாமல் நினைவுக்கு வந்தது.

ஊருக்கு அவள் 'பன்னிரண்டு'. பதினாறு வருஷமாகப் பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸை ஓட்டுகிறவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு என்பதே பலருக்கு மறந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிளம்பி, கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு ரயிலடியில் முடிகிற தடம் அது. மாலை ஏழு மணிக்கு மேல் அந்தத் தடத்தில் ஓடிய மூன்று பஸ்களையும் நகரசபைத் தலைவர் ஒரே கையெழுத்தில் நிறுத்தினார். எட்டு மணிக்கு வேலை முடிந்து வெளியே வரும் நர்சுகள், காலையிலிருந்து நின்ற காலோடு இரண்டு மைல் நடந்தார்கள். இதை யாராவது தட்டிக் கேட்க வேண்டும் என்று டிப்போவில் எல்லாரும் சொன்னார்கள். சொல்லிவிட்டு எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அப்படித்தான் அவள் தலைவர் தேர்தலுக்கு மனு கொடுத்தாள். தலைவருக்கும் ஊர் ஒரு பெயர் வைத்திருந்தது: கத்தரிக்கோல். திறப்பு விழா ரிப்பன் கிடைக்காத நாளில் பஸ்ஸையாவது வெட்டுவார் என்பார்கள்.

பஸ்ஸில் ஓட்டெடுப்பு நடத்தியது நாத்தனாரின் யோசனை. கணவரின் அக்கா அவர். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவர். "இந்த ஊர்ல எல்லார் வாயும் எனக்குத் தெரியும்" என்று சொல்லிக்கொள்வார். பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்கு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. இறங்குகிற கதவருகே காலி பிஸ்கட் டப்பா. ஒரு வாரம் சேர்த்து எண்ணியபோது எழுபத்தொன்று வந்தது. நாத்தனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. தலைவர் நாற்காலிக்கு எந்த நிறத்தில் மெத்தை போடலாம் என்பது வரை போய்விட்டார்.

அந்தச் சந்தோஷத்தில் தண்ணீர் ஊற்றியவர் கணவரின் சித்தப்பா. முப்பத்து நாலு வருஷம் வானிலை அலுவலகத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர். வீட்டில் வானிலை மாமா. அவளுக்குக் காலை வணக்கம் சொல்லி, தன் பிள்ளையின் ஜலதோஷத்தையும் சொல்லிவிட்டு ஏறுகிற ஜனங்கள், அவள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டப்பாவில் சீட்டுப் போட்டால் வேறு யார் பெயரை எழுதுவார்கள் என்று கேட்டார். அப்படியும் இருபத்தொன்பது பேர் மாற்றி எழுதியிருக்கிறார்களே, அவர்களின் துணிச்சலைப் பாராட்ட வேண்டும் என்றார். நாத்தனார் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

இப்போது ஊர்ச் செய்தித்தாள் முறைப்படி அறுநூறு பேருக்குப் போன் செய்து எடுத்த முதல் கணிப்பு வந்திருந்தது. கத்தரிக்கோலுக்கு நூற்றுக்கு முப்பத்தெட்டு. மூன்றாவதாக நிற்கிற மருந்துக்கடைக்காரருக்கு ஒன்பது. அவளுக்குப் பன்னிரண்டு. மீதி நாற்பத்தொரு பேர் 'தெரியாது, இன்னும் முடிவு செய்யவில்லை' என்று சொல்லியிருந்தார்கள்.

"பன்னெண்டுக்குப் பன்னெண்டு. பொருத்தமாத்தான் போட்டிருக்காங்க" என்றார் டயர் மாற்றுகிறவர். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எதிரே வந்து உட்கார்ந்த சங்கச் செயலாளர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். அந்தத் தொப்பி அப்படிச் சுழன்றால் நல்ல செய்தி வராது என்பது டிப்போவுக்கே தெரியும்.

மனு கொடுத்த அன்று அவள் சொன்னதை அவர் நினைவுபடுத்தினார். முதல் கணிப்பில் பதினைந்துகூட வராவிட்டால் தானே விலகிக்கொள்கிறேன், யாருக்கும் சிரமம் வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான். யாரும் கேட்காமலே சொன்னாள். வியாழக்கிழமை மூன்று மணிக்கு மனுவைத் திரும்பப் பெறும் நேரம் முடிகிறது. அதோடு இன்னொன்றும் இருந்தது. அவள் விலகினால் எட்டேகால் மணிக்கு ஒரு பஸ் திரும்ப விடுவதாகக் கத்தரிக்கோலின் ஆட்கள் காதோடு காதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். மூன்றை வெட்டிவிட்டு ஒன்றை ஒட்டுவது நியாயமா என்பது வேறு விஷயம். ஒன்றாவது வருகிறதே என்பது செயலாளரின் கவலை. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய மருமகளும் நர்சுதான். புதன்கிழமை சாயங்காலம் சங்கம் கூடி முடிவெடுக்கும் என்று சொல்லிவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

அன்று மாலை ஆறு மணிக்கு வீட்டில் விவாதம் தொடங்கியது. வீடு பேக்கரிக்கு மேலே. கணவர் கீழே ரொட்டி போடுகிறவர். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைப்பவர் என்பதால் ஏழு மணிக்குப் படுத்துவிடுவார். குடும்பம் ஒன்றாக உட்காருவது அந்த ஒரு மணி நேரம்தான். அந்த நாளுக்கு உரிய சண்டை, சமாதானம் எல்லாவற்றையும் அதற்குள்ளே முடித்தாக வேண்டும்.

நாத்தனார் செய்தித்தாளை நாலாக மடித்து மேசையில் அடித்தார். பத்திரிகையிலேயே நாலு சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம் என்று போட்டிருக்கிறதே, பன்னிரண்டும் நாலும் பதினாறு, பதினைந்தைத் தாண்டியாயிற்று, விலக வேண்டியதில்லை, பேச்சு முடிந்தது என்றார்.

பன்னிரண்டில் நாலு போனால் எட்டு, அதை ஏன் யாரும் சொல்வதில்லை என்றார் மாமா.

"நீங்க மழை வரும்னு சொன்ன அன்னிக்கெல்லாம் நான் துணி காயப் போட்டவ சித்தப்பா. ஒரு நாள்கூட நனைஞ்சதில்லை."

"வரும்னு நான் என்னிக்கும்மா சொன்னேன்? அறுபது சதவீதம்னு சொல்வேன். மிச்ச நாற்பதுல நீ துணி காயப் போட்டிருப்பே."

தன் கட்சியை அவர் நிதானமாக விளக்கினார். தேர்தலுக்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. இந்தக் கணிப்பு தேர்தல் அன்றைக்கு என்ன நடக்கும் என்று சொல்வதே இல்லை. இன்றைக்கு என்ன வெயில் என்று மட்டும்தான் சொல்கிறது. அதுவும் பாதி ஜனம் தேர்தல் வருகிறது என்பதையே போன் வந்த பிறகுதான் யோசித்திருக்கும். கத்தரிக்கோலைப் பத்து வருஷமாக எல்லாருக்கும் தெரியும். அப்படித் தெரிந்தும் முப்பத்தெட்டுதான் என்றால் அது அவருக்கு நல்ல சேதியா, கெட்ட சேதியா? பார்க்க வேண்டியது பன்னிரண்டை இல்லை, நாற்பத்தொன்றை.

நாத்தனாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் நாற்பத்தொன்றும் நமக்குத்தான், பன்னிரண்டோடு கூட்டினால் ஐம்பத்து மூன்று என்று விரல் விட்டு எண்ணினார்.

"வானத்துல இருக்கிற மேகமெல்லாம் உன் மாடித் தொட்டியிலதான் கொட்டும்னு யாரும்மா சொன்னது?" என்று மாமா பெருமூச்சு விட்டார். தெரியாது என்று சொல்கிறவர்களில் பாதிப் பேர் கடைசியில் பழகின முகத்துக்கே போட்டுவிட்டு வருவார்கள். மீதிப் பேர் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். தெரியாது என்பது வேண்டாம் என்பதல்ல. அதற்காக வேணும் என்பதும் அல்ல. அவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்பதைக் கண்டுபிடித்தால் மட்டுமே அந்த எண்ணுக்கு அர்த்தம்.

அவள் வழக்கம்போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண் மட்டும் மேசையின் அந்தக் கோடிக்குப் போய்ப் போய் வந்தது. அங்கே கணவர் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நாத்தனார் அவரைக் கேலி செய்வது வழக்கம்.

மனு கொடுக்கப்போன அன்று காகிதத்தை அவரிடம்தான் முதலில் காட்டினாள். மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "கையெழுத்து நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தேர்தலைப் பற்றி நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் அவளும் நாத்தனாரும் துண்டுப் பிரசுரத்தோடு கடைத்தெருவில் இறங்குவார்கள். பேக்கரியைத் தாண்டும்போது அவள் நடை தானாகக் கொஞ்சம் தளரும். உள்ளே அவர் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருப்பார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து அந்தத் தெருக்கோடி வரை தன் பக்கத்தில் நடந்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது. தேர்தல் வந்த பிறகு முளைத்த ஆசையும் இல்லை அது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர் எழுகிற நேரம் இவள் தூங்குகிற நேரம், இவள் கிளம்புகிற நேரம் அவர் கடை நிறைந்திருக்கிற நேரம். இருவரும் சேர்ந்து அந்தத் தெருவில் நடந்தது எத்தனை முறை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கேட்டால் என்ன? அங்கேதான் அவளுக்கு வாய் கட்டிவிடும். ஆறு பெண்கள் இருந்த வீட்டில் மூன்றாவதாகப் பிறந்தவள். அது வேணும் இது வேணும் என்று மற்றவர்கள் கத்தும்போது கத்தாமல் இருந்ததற்காக ஏழு வயதில் 'நல்ல பொண்ணு' என்ற பட்டம் கிடைத்தது. அதை இன்றுவரை திருப்பிக் கொடுக்க முடியவில்லை. ஓட்டுக் கேட்கப் போன இடத்தில்கூட, பஸ் நின்றுபோன கதையை அழகாகச் சொல்வாள், பிரசுரத்தைக் கொடுப்பாள், கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். கடைசி வரி வராது. பின்னால் நிற்கும் நாத்தனார்தான் எட்டிப் பார்த்து, "அதனால இவளுக்கு ஓட்டுப் போடுங்க" என்று முடித்துவைப்பார்.

"ஏன்டா தம்பி," என்று நாத்தனார் இப்போது நேராகவே கேட்டுவிட்டார், "உன் பொண்டாட்டி பன்னெண்டுல நிக்கிறா. நீ என்ன சொல்றே?"

அவர் கடைசிக் கவளத்தை மென்று விழுங்கினார். "மாவு பிசைஞ்ச அஞ்சாவது நிமிஷமே அளவுகோலை வச்சு உயரம் பார்த்தா எப்படிக்கா?" என்றார். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

பிறகு அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அடுத்த சண்டை ஆரம்பித்தது. மாவு எழும்பும் என்று சொல்கிறான், தம்பி நம் பக்கம் என்றார் நாத்தனார். எழும்பும் என்று எங்கே சொன்னான், இப்போது அளக்காதே என்றுதானே சொன்னான் என்றார் மாமா. வாக்கியத்தைத் திருப்பிப் போட்டார்கள், புரட்டிப் போட்டார்கள், அவர் எந்தச் சொல்லில் அழுத்தம் கொடுத்தார் என்று தர்க்கித்தார்கள். கடைசியில் மாமா கையை விரித்தார்.

"எழுதிக்கோம்மா. உன் வீட்டுக்காரரும் அந்த நாற்பத்தொண்ணுல ஒருத்தர்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சொல் முள் மாதிரி தைத்து உள்ளேயே நின்றுவிட்டது.

புதன்கிழமை காலைப் பத்திரிகையில் பேட்டைவாரியாகக் கணக்கு வந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் அவளுக்கு முப்பத்து மூன்று; கத்தரிக்கோலையே முந்தியிருந்தாள். ரயிலடியில் பதினொன்று. கடைத்தெருவில் வெறும் ஐந்து. அதே கடைத்தெருவில் தெரியாது என்றவர்கள் நூற்றுக்கு அறுபத்து மூன்று பேர்.

நாத்தனார் பல் ஆஸ்பத்திரியிலிருந்தே மாமாவுக்குப் போன் செய்தார். கடைத்தெருவில் தொண்ணூறு பேரைத்தான் கேட்டிருக்கிறார்கள், தொண்ணூறு பேரை வைத்துக்கொண்டு குதிக்கவும் கூடாது, ஒப்பாரி வைக்கவும் கூடாது என்று மாமா எச்சரித்தார். பத்து முன்னே பின்னே போகலாம். ஆனால் பத்தைக் கழித்தாலும் ஐம்பத்து மூன்று நிற்கிறதே, அது அவருக்கே உறுத்தியது. தினமும் அவள் பஸ் பல தடவை சுற்றுகிற தெரு. அவள் குடியிருக்கிற தெரு. ஊரிலேயே அவளை நன்றாகத் தெரிந்த ஜனம். அவர்களுக்குத்தான் தெரியவில்லையாம்.

காரணம் கண்டுபிடிக்கும் வேலையை நாத்தனார் அங்கேயே தொடங்கினார். பல் பிடுங்க வந்திருந்த கடைத்தெருக்காரர் ஒருவரிடம், அவர் வாயில் மரத்துப்போகிற ஊசி போட்ட பிறகுதான் கேட்டார். பதிலாக வந்தது ஒரு நீண்ட 'ஆ'. அதைத் தெரியாது கணக்கிலேயே சேர்க்க வேண்டியதாயிற்று.

மத்தியானம் இரண்டரைக்கு வேலை முடிந்ததும் அவளே கடைத்தெருவுக்குப் போனாள். நாத்தனார் கூட இல்லை. கையில் பிரசுரமும் இல்லை. முதலில் செருப்புக் கடை அம்மாள். சுற்றி வளைக்காமல், இந்தத் தெருவில் ஏன் இப்படி என்று கேட்டாள். செருப்புக் கடை அம்மாள் பெட்டிகளை அடுக்குகிற சாக்கில் பிடி கொடுக்காமல் ஏதேதோ சொன்னார். வெயில், வியாபாரம், முழங்கால் வலி. பிறகு பெட்டியைக் கீழே வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதே பன்னெண்டு. தினம் காலையில ரொட்டி வாங்கப் போறேன். உன் வீட்டுக்காரர் மிச்சக் காசு கொடுக்கிறாரு, சிரிக்கிறாரு. உன் தேர்தலைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. நானே ரெண்டு தடவை வாயைப் பிடுங்கிப் பார்த்தேன். வீட்டுலயே இதுக்குச் சம்மதம் இல்லபோல, நாம வேற ஓட்டைப் போட்டுக் குடும்பத்துல குழப்பம் பண்ணுவானேன்னு பேசாம இருக்கோம்."

"எல்லாரும் அப்படியா நெனைக்கிறீங்க?"

"காலையில வரிசையில நிக்கிறப்ப வேற எதைப் பேசறது?"

பூட்டுச் சாவிக் கடைக்காரரும் அதையேதான் சொன்னார், இன்னும் கொஞ்சம் மரியாதையாக. கண்ணாடிக் கடையில் கணவன் மனைவி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நெளிந்ததிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. அறுநூறு பேருக்குப் போன் போட்டுப் பத்திரிகை கண்டுபிடித்த எண் இதுதான். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் மௌனம், மாடிப்படி இறங்கி, கடைக்குள் புகுந்து, ரொட்டியோடு சேர்ந்து தெரு முழுவதும் விலைபோயிருந்தது. அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். என்னவோ சிரிப்பு வந்தது. தெருவின் நடுவில் நின்று தனியாகச் சிரித்தவளைப் பார்த்து ஒரு சைக்கிள்காரர் ஒதுங்கிப் போனார்.

சாயங்காலம் சங்கக் கூட்டத்துக்குப் போகிற வழியில் நாத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனார் வேகமாக நடக்கிறவர், சட்டென்று நின்றார்.

"அவன்கிட்ட நீ கேட்டியா?"

"என்னன்னு?"

"கூட வாங்கன்னு."

"இதைப் போய்க் கேட்கணுமாக்கா? தானா தோணணும்."

"அவனுக்குத் தானா தோணாதுடி. தோணினாலும் செய்ய மாட்டான். சின்னப் பிள்ளையிலேர்ந்தே அப்படித்தான். பந்து விளையாட யாராவது கூப்பிட்டாத்தான் போவான், இல்லேன்னா சாயங்காலம் முழுக்க வாசப்படியிலயே உட்கார்ந்திருப்பான். ஆசை இல்லாம இல்ல. கூப்பிடாம போனா தொந்தரவா இருக்குமோன்னு." நாத்தனார் மறுபடி நடக்க ஆரம்பித்தார். "நீ கேட்க மாட்டே. அவன் கேட்காம வர மாட்டான். நல்ல ஜோடி. அவனுக்குப் பொண்ணு பார்த்து முடிச்சதே நான்தான், என்னைச் சொல்லணும்."

கையெழுத்து நல்லா இருக்கு என்றபோது அவர் காகிதத்தை உடனே திருப்பிக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றது இப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் அவளிடமிருந்து ஏதாவது வரும் என்று பார்த்திருப்பாரோ? அவரும் ஒன்றும் சொல்லவில்லை என்பதை அவள் வேண்டாம் என்ற கணக்கில் எழுதி வைத்திருந்தாள். ஒரு நாள் கணக்கில்லை, பத்தொன்பது வருஷக் கணக்கு.

சங்கக் கூட்டம் டிப்போவின் பின்பக்கக் கொட்டகையில் நடந்தது. இருபது பேர், பதினேழு நாற்காலி. மாமா தானாகவே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து, யாரும் கேட்பதற்கு முன்பே எழுந்து, இந்த அளவு முன்கூட்டி எடுத்த கணிப்பை வைத்துக்கொண்டு ஒரு ஆளை நிறுத்துவதும் தப்பு, விலக்குவதும் தப்பு என்று கால் மணி நேரம் விளக்கினார். பாதியில் இரண்டு டிரைவர்கள் தூங்கிவிட்டார்கள். கையில் இருக்கிற ஒரு பஸ்ஸை வாங்கிக்கொண்டு கௌரவமாக ஒதுங்கலாம் என்று ஒரு கட்சி. ஒன்றைக் கொடுக்க முன்வருகிறார் என்றாலே கத்தரிக்கோலுக்குப் பயம் வந்துவிட்டது, அதுவே பத்து சதவீதத்துக்குச் சமம் என்று இன்னொரு கட்சி. செயலாளர் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் அவளிடம் திரும்பினார். அந்தத் தெரியாது என்கிற கும்பல் கொஞ்சமாவது நகரும் என்பதற்குக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒன்று காட்டினால் சங்கம் பின்னால் நிற்கும் என்றார். நாளை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள். இல்லையென்றால் மூன்று மணிக்கு மனுவைத் திரும்ப வாங்கிவிடலாம். அவர் குரலிலேயே, வாங்க வேண்டாமே என்ற ஆசையும் இருந்தது.

"ஒருத்தரைக் கேட்கணும்" என்றாள் அவள். "கேட்டுட்டுச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்தபோது அவர் படுத்துத் தூங்கிவிட்டிருந்தார். எழுப்பவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் சீருடையைப் போட்டுக்கொண்டாள். ஆறு பத்துக்கு முதல் ட்ரிப். தினமும் பின்பக்க மாடிப்படியில் இறங்கி, சந்து வழியாக டிப்போவுக்குப் போய்விடுவாள். முன்பக்கம் அந்த நேரத்தில் கால் வைக்க இடம் இருக்காது என்பதுதான் அவள் சொல்லிக்கொள்கிற காரணம். இன்று முன்பக்கமாக இறங்கினாள்.

பேக்கரி வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். சூடான ரொட்டியின் வாசனை தெருவரைக்கும் வந்தது. வீட்டுக்காரியாயிற்றே, உள்ளே போக வேண்டியதுதானே என்று யாரோ வழி விட்டார்கள். வேண்டாம் என்று தலையசைத்து, வரிசையின் கடைசியில் போய் நின்றாள். முன்னால் இரண்டு ஆள் தள்ளிச் செருப்புக் கடை அம்மாள். திரும்பிப் பார்த்து, ஏதோ விஷயம் இருக்கிறது என்று மோப்பம் பிடித்து, தன் ரொட்டியை வாங்கிய பிறகும் போகாமல் ஓரமாக நின்றுகொண்டார். பூட்டுச் சாவிக் கடைக்காரரும் நின்றார். வாங்கியவர் யாரும் நகரவில்லை. கடைக்குள் கூட்டம் சேர்ந்ததே தவிரக் கலையவில்லை.

வரிசை நகர்ந்தது. நாற்பது பேர் நிரம்பிய பஸ்ஸை மழையில் பாலத்து வளைவில் திருப்பும்போதுகூட அவள் இப்படித் தயங்கியதில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பின்னால் பார்த்தால் அதற்குள் எட்டுப் பேர் நின்றிருந்தார்கள், அவர்களையெல்லாம் தள்ளிக்கொண்டு போவது மரியாதையாக இருக்காது. பிறகு, இது எப்போதும் தனக்குக் கிடைத்துவிடுகிற சாக்குதானே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

முன்னால் நின்றவர் விலகினார். கணவர் குனிந்து தட்டிலிருந்து கடைசி இரண்டு ரொட்டிகளைக் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். முன்கை முழுக்க மாவு. தலை நிமிராமலே, தினம் முந்நூறு தடவை கேட்கிற மாதிரி, "என்ன வேணும்?" என்றார்.

பதில் வராததால் நிமிர்ந்தார். கல்லாவுக்கு அந்தப் பக்கம் சீருடையோடு தன் மனைவி நிற்பதைப் பார்த்து அவர் கை அப்படியே நின்றது. பின்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வரிசையில் பேசாமல் நிற்கிற பழக்கமே இல்லாத தெரு அது.

அவள் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ரொட்டி இல்லீங்க," என்றாள். "பத்து மணிக்கு எனக்கு ரெண்டு மணி நேரம் ஓய்வு. கடையைச் சாத்திட்டு வாங்க. இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் என் பக்கத்துல நடந்து வாங்க. எனக்கு நீங்க கூட வரணும்."